விரல் நுழைந்த பளிங்கு

அத்தியாயம் ஏழு

அன்று காலை பச்சைக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். நான், அல்வீசெ ரொவெரின், இந்த வீட்டின் மூத்தவன். என் தங்கை ஒர்ஸொலா. திருமணம் செய்துகொள்ளாதவள், வீட்டுச் சாவிக்கொத்து அவளிடம். எங்கள் இருவருக்கும் இளையவன் எர்மெதெ. நாற்காலி தரப்பட்டும் உட்காராமல் ஜன்னலோரம் நின்றவன். பதுவையிலிருந்து நான் வரவழைத்த துப்பறியும் பெண்மணி நோர்மா பெகொரர். அவருடைய உதவியாள் துலியோ. நாற்காலி தரப்படாமலே உட்கார்ந்துவிட்டவன். சுவரில், தங்கச் சட்டத்துக்குள், எங்கள் மூதாதை, கப்பல் தலைவர் மார்க்கந்தோனியோ ரொவெரின். அவரையும் சேர்த்து எண்ணுவது எங்கள் வீட்டு வழக்கம்.

வேறு யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர் கப்பூஸோ நண்பகலுக்குத்தான் வந்தார். பாதிரியார் வரவே இல்லை. அந்தக் கூடத்தில் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் ப்ரெந்தா ஆற்றின் இரு கரையிலும் பெருகிவிட்டதால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் தலைவர் மார்க்கந்தோனியோ கிரேக்கத் தீவுகளிலிருந்து பச்சைப் பளிங்கைக் கப்பலில் ஏற்றி வந்து இந்தக் கூடத்தின் நான்கு சுவரிலும் பதித்தார் என்பது எங்கள் குடும்ப வரலாறு. எங்களைக் 'கல் வீட்டுக்காரர்கள்' என்றுதான் ஊர் அழைக்கும். நவம்பரில் வெள்ளம் வந்தது. நானும் ஒர்ஸொலாவும் பதுவையில் உறவினர் வீட்டுக்குப் போனோம். எர்மெதெ மட்டும் குளிர்காலம் முழுவதும் இங்கே தங்கி, சேற்றை அள்ளி, வீட்டைக் காய வைத்தான். ஈஸ்டருக்கு மறுநாள், வழக்கம்போல விருந்து வைத்தோம். பாதிரியார் வயிறு நிறைந்து நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். அது இடித்ததில், அலமாரியை ஒட்டிய சுவரிலிருந்து ஒரு தாம்பாளம் அளவுக்குப் பளிங்கு பெயர்ந்து தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால், சுண்ணாம்பு. மேலே பச்சை வண்ணம் தீட்டி, ரேகை இழுத்து, மெழுகு தேய்த்திருந்தார்கள். தட்டிப் பார்த்தோம். கூடம் முழுவதும் அப்படித்தான்.

அன்று மாலையே எர்மெதெயின் அறையில் பச்சைப் பொடி படிந்த காகிதமும் ஒரு கட்டி மெழுகும் நான்கு வாத்து இறகுகளும் கிடைத்தன. போலிப் பளிங்கின் ரேகையை வாத்து இறகால்தான் இழுப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சமையற்காரிக்கும் தெரியும். விருந்தாளிகள் எதிரிலேயே நான் அவனைக் கேட்டேன், "கல் எங்கே?" அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு முதல் கோவிலில் எங்கள் குடும்ப இருக்கையில் அவனுக்கு இடம் இல்லை. கதவருகே நின்று பூசை கண்டான்.

இன்ஸ்பெக்டர் நண்பகலில் வருவார். நான் புகாரில் கையெழுத்துப் போடுவேன். அவர் என் தம்பியை அழைத்துப் போவார். அதற்கு முன் கல் யாரிடம் போனது என்று தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் நோர்மா பெகொரரை அழைத்தேன்.

அவர் பதுவையில் ஒரு பெரிய துணிக்கடையில் பல வருடம் திருட்டுப் பிடித்தவர். மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே பேசுவார். முதலில் அது எனக்குப் பிடிக்கவில்லை.

துலியோ எழுந்து போய்ச் சுவரில் கன்னத்தை வைத்தான்.

"சுடவும் இல்ல, குளிரவும் இல்ல மேடம். என் மாமியார் என்னை வரவேற்கிற மாதிரியே இருக்கு."

"அந்தக் கணப்பு மாடத்துல வச்சுப் பாரு."

கணப்பு மாடம் வெள்ளைப் பளிங்கு. கன்னத்தை வைத்தவன் உடனே எடுத்துவிட்டான். "இது நிஜம். பல்லு கூசுது."

"அது தெரிந்த விஷயம்தான். சுவர் போலி. நிஜம் எங்கே என்பதுதான் கேள்வி" என்றேன்.

"தொலைஞ்ச பொருள்னா எங்க ஊர் அந்தோனியார்கிட்ட ஒரு மெழுகுவர்த்தி போதுமே ஐயா" என்றான் துலியோ. "தொலையாத பொருளைத் தேடறதுக்குத்தான் மேடத்துகிட்ட வருவாங்க."

"துலியோ, வாயை மூடு." அவர் எர்மெதெயின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறகு உங்களோடதா?"

"ஆமா."

"சுவர் பூசினது?"

"நான்தான்."

"எவ்வளவு பூசினீங்க?"

எர்மெதெ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன்டா" என்றாள் ஒர்ஸொலா. "அம்மா பெத்தது மூணு. அதுல ஒண்ணைப் போலீஸ் கூட்டிட்டுப் போறதை நான் இந்த வாசல்ல நின்னு பார்க்கணுமா?"

"கல்லு எங்கிட்ட இல்லக்கா. அவ்வளவுதான்."

"யாருகிட்ட இருக்கு?"

"யாருகிட்டயும் இல்ல."

அந்த நேரத்தில் துலியோ, கணப்புக்கு எதிர்ச்சுவரில் தோள் உயரத்தில் ஒரு துளையைச் சுற்றிப் பதித்திருக்கும் பித்தளை வளையத்தைக் கண்டுவிட்டான். "இது என்ன, நாய் கட்டறதுக்கா?"

நான் அவனுக்கு நாகரிகம் சொல்லித்தர வந்தவன் அல்ல. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்வதைச் சொன்னேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில் ஓர் ஆஸ்திரிய அதிகாரி இந்தக் கூடத்தில் இரவு உணவுக்கு உட்கார்ந்தான். தன் பேரரசருக்காக எல்லோரும் எழுந்து நின்று குடிக்க வேண்டும் என்றான். என் கொள்ளுத் தாத்தா ஸுவானே எழவில்லை. அவன் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். குண்டு அவர் காதோரமாகப் போய்ச் சுவரில் இறங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், இன்னும் கொஞ்சம் சூப் கேட்டார். குண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது. ரொவெரின் பிள்ளைகள் புது நன்மை என்னும் முதல் திருவிருந்து வாங்கும் நாளில் அந்தத் துளையில் விரலை வைத்து, 'வளைய மாட்டேன்' என்று சத்தியம் செய்வார்கள். நான் செய்தேன். ஒர்ஸொலா செய்தாள். எர்மெதெயும் செய்தான்.

"சூப்பு நல்லா இருந்திருக்கணும்" என்றான் துலியோ.

நோர்மா வளையத்துக்குள் எட்டிப் பார்த்தார்.  பிறகு பொடி படிந்த காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதை வித்தவரைப் பார்க்கணும். நீங்களும் வாங்க ஐயா. கடைக்காரங்க எங்ககிட்ட முழுப் பொய் சொல்லுவாங்க. உங்க முகத்துக்காகப் பாதியாவது குறைப்பாங்க."

துலியோவின் சிறிய ஃபியட் காரில் என் முழங்கால் நெஞ்சைத் தொட்டது. நான் முதுகைச் சாய்க்கவில்லை.

ஆற்றோர ஊரான தோலோவில் வண்ணம், சுண்ணாம்பு, மெழுகு எல்லாம் விற்பவன் ஒருவன்தான், சாந்தே. கடையைப் போலவே அவனும் அகலமானவன். எதைக் கேட்டாலும் தன்னிடம் மட்டுமே கிடைக்கும் என்பவன். என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தான். காகிதத்தைப் பார்த்ததும் மறுபடி போட்டுக்கொண்டான்.

"சின்னவர் வந்தார். பிப்ரவரியில, கார்னிவல் முடிஞ்ச வாரம். பச்சை மண்ணுப் பொடி, மெழுகு, கொஞ்சம் கருப்பு. இறகு நான் சும்மாவே குடுத்தேன்."

"பச்சை எவ்வளவு?" என்று நோர்மா கேட்டார்.

சாந்தே ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டிக் காட்டினான். மிளகு கட்டித் தருவார்களே, அந்த அளவு.

"ஒரு பெரிய கூடத்துக்கு, நாலு சுவருக்கும் எவ்வளவு வேணும்?"

"பீப்பாய்க் கணக்கும்மா. கூடவே ஆளு நாலு பேரு. ஈரம் காயறதுக்குள்ள மூலைக்கு மூலை ஒரே மூச்சுல முடிக்கணும். அதுக்கு மேல சூட்டுக் கரண்டியை வச்சு அழுத்தி அழுத்தித் தேய்க்கணும். தனியாளு செஞ்சா சுவரு கண்ணாடியா வராது, சொறியாத்தான் வரும்."

"இந்தப் பொட்டலத்துல?"

"ஒரு தாம்பாளம் அளவு."

"ஒரு கிளியைக்கூடப் பச்சையாக்க முடியாது" என்றான் துலியோ.

"மற்றதை வேறு கடையில் வாங்கியிருப்பான்" என்றேன்.

சாந்தேவுக்கு அது அவமானமாகிவிட்டது. "என்னை விட்டு வேற கடையா?"

"வெனிஸில்."

"வெனிஸ்காரன் எங்கிட்ட வந்து வாங்கறான் பெரியவரே." அவன் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். "நான் அவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன். இந்தப் பக்கத்துல நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்குப் பூச்சுக் கரணையைக் கழுவி ஆணியில மாட்டினா, சூசையப்பர் திருநாளுக்குத்தான் எடுக்கணும். நடுவுல பூசினா நிக்காது. அதுவும் வெள்ளம் குடிச்ச சுவரு. பொறுங்க சின்னவரே, மார்ச் வரட்டும்னேன். இந்த வருஷம் ஈஸ்டரே மார்ச்சுல வருது, வீட்டுல விருந்து, அதுக்குள்ள காயணும்னார். ஒரு கொத்தனாரையாவது அனுப்பட்டுமான்னேன். வேண்டாம், நானே பூசிக்கறேன்னார். கையைப் பாத்தேன். பேனா பிடிச்ச கை."

"அவசரம் ஏன்னு கேட்டீங்களா?"

"கல் வீட்டுல கேள்வி கேக்கற வழக்கம் எங்களுக்கு இல்லம்மா."

வெளியே வந்ததும் நோர்மா காரை நோக்கி நடந்தார். நான்தான் பேசினேன். குளிர்காலத்தில் கல்லைக் கொண்டுபோனவர்கள் தங்கள் ஆட்களையும் வண்ணத்தையும் கொண்டுவந்திருப்பார்கள். கடைசியில் விட்டுப்போன ஓர் ஓட்டையை எர்மெதெ தானே அடைத்திருப்பான். ஆகவே சாந்தே சொன்னதால் எதுவும் மாறவில்லை என்றேன்.

"குளிர்காலத்துல, நாலு பேரு, வெள்ளம் குடிச்ச சுவருல" என்றார் அவர். "அது நிக்குது. இவர் பூசின தாம்பாளம் மட்டும் விழுந்துடுச்சு."

 அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் துலியோ, பசிக்கிறது என்று மீன் சந்தைப் பக்கம் திரும்பிவிட்டான்.

அங்கே மீன் வெட்டும் மேடை வெள்ளைப் பளிங்கு. ஒரு பக்கத்தில் ஒரு பெண்மணி மத்தி மீனைப் பொரித்து, சூடான சோளக் களியோடு தாளில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேடையின் ஓரத்தில் ஒரு சிறு குழி, அதில் உப்பு. வாங்குகிறவர்கள் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மீன்மேல் தூவிக்கொண்டார்கள்.

"உப்புக் கிண்ணத்தை மேடையிலயே செதுக்கிட்டீங்களா அக்கா?" என்றான் துலியோ.

"நான் எங்க செதுக்கினேன். போன சண்டையில விமானத்துலேருந்து சுட்டான். பாலத்துக்குக் குறி வச்சான், என் மேடையில விழுந்துது. எட்டு மீன் செத்துப்போச்சு."

"மேடையில இருந்த மீனா?"

"ஆமா. ரெண்டாந்தடவை செத்துச்சு."

நோர்மா சிரிக்கவில்லை. உப்பை ஒதுக்கிவிட்டுக் குழிக்குள் விரலை வைத்தார். நகம்கூட மறையவில்லை. குழியைச் சுற்றிக் கல்லில் நட்சத்திரம்போலக் கீறல்கள் ஓடியிருந்தன. அவர் ஒவ்வொரு கீறலாகத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் உப்பு பொட்டலம் கட்டிக் குடுங்க" என்றார்.

"மீனு வேண்டாமா?"

"இவனுக்குக் குடுங்க. எனக்கு உப்பு போதும்."

நாங்கள் திரும்பியபோது நண்பகலுக்குச் சற்று நேரமே இருந்தது. எர்மெதெ அதே ஜன்னலில் நின்றான். ஒர்ஸொலா அவனுடைய கம்பளிச் சட்டைகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சிறை குளிராக இருக்கும் என்றாள். 

நோர்மா பித்தளை வளையத்துக்கு நேராகப் போய் நின்றார். "ஐயா, சத்தியம் பண்ணினப்போ வச்ச மாதிரி விரலை வைங்க."

"இது விளையாட்டுக்கான இடம் அல்ல."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கேக்கறேன், துலியோவைக் கேக்கல."

வைத்தேன். எழுபது வயதைத் தாண்டிய விரல் இரண்டாம் கணு வரை போனது.

"நுனியில என்ன தட்டுது?"

"ஈயம். குண்டு."

"அதே குண்டுதானா?"

"அதன் இடப்பக்கம் ஒரு சிறு மடிப்பு உண்டு. என் பல்லை எனக்குத் தெரிவதுபோல அதைத் தெரியும். அதே குண்டு."

"அப்போ இந்த இடத்துல சுவரை யாரும் மாத்தல."

"இந்த ஒரு பளிங்குப் பலகையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்திருக்கிறார்கள். இது இல்லையென்றால் நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்."

"சரி. அப்போ இது ஒண்ணாவது நிஜப் பளிங்கு."

"சந்தேகம் என்ன?"

"துலியோ."

அவன் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தாளைப் புனல்போல மடித்து, துளைக்குள் உப்பைக் கொட்டத் தொடங்கினான். நான் அவன் கையைப் பிடித்தேன். ரொவெரின்கள் சத்தியம் செய்த இடத்தில் மீன்காரியின் உப்பா?

"விடுங்க ஐயா, பாருங்க" என்றான் அவன், அன்று முதல் முறையாகத் தாழ்ந்த குரலில். "அந்தம்மா குழியில ஒரு சிட்டிகை போட்டா வழிஞ்சுடும். இது குடிச்சுக்கிட்டே இருக்கு."

பொட்டலத்தில் பெரும்பகுதி உள்ளே போயிற்று.

நோர்மா என் முகத்தைப் பார்க்காமல், என் விரலைப் பார்த்தே பேசினார். "அங்க சுட்டது விமானத் துப்பாக்கி. ஒரு சிப்பி அளவுதான் குழி, கல்லு நாலாபக்கமும் வெடிச்சிருக்கு. இங்க சுட்டது கைத்துப்பாக்கி, அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தினது. விரல் உள்ள போகுது. சுத்தி ஒரு கீறல் இல்ல. கல்லு விரலை உள்ள விடாது ஐயா. குண்டு வந்த அன்னிக்கே இது சுண்ணாம்புதான். உங்க கொள்ளுத் தாத்தா சுண்ணாம்புக்கு முன்னாடி உக்காந்துதான் சூப்பு குடிச்சார்."

இரண்டு கதைகளையும் நான் எப்போதும் ஒரே மூச்சில் சொல்லி வந்திருக்கிறேன். முதலில் பளிங்கு, அடுத்து குண்டு. ஆயர் கேட்டிருக்கிறார். நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் துளையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பளிங்கைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

"மார்க்கந்தோனியோ கப்பலில் கொண்டுவந்தார்" என்றேன்.

"கப்பல் வந்திருக்கும்" என்றான் துலியோ.

"போதும்" என்றார் நோர்மா. பிறகு ஜன்னல் பக்கம் கேட்டார், "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

எர்மெதெ திரும்பினான். "தண்ணி வடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு. அலமாரியை நகர்த்தினேன், அதை ஒட்டின சுவரு கொப்புளிச்சிருந்துது. கையை வச்சேன், உதிர்ந்துடுச்சு. உள்ள செங்கல்லு. அங்க மட்டும்தான் இப்படியோன்னு கூடம் பூரா தட்டிப் பார்த்தேன். ஏணி போட்டு உத்தரம் வரைக்கும் தட்டினேன். எல்லா இடத்துலயும் ஒரே சத்தம்."

"கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தா?"

"மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அதான் நானே பூசினேன். சூசையப்பருக்கு முன்னாடி பூசக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அண்ணன் விருந்துன்னு சொல்லி அனுப்பிட்டாரே."

நான் கேட்டேன், "ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"எப்போ சொல்றது? விருந்தாளிங்க முன்னாடி கேட்டீங்களே, கல் எங்கேன்னு, அப்போவா?" அவன் குரல் உயரவில்லை. "கல்லே கிடையாது, பாட்டன் பொய் சொன்னாருன்னு அத்தனை பேரு நடுவுல சொல்லியிருக்கணுமா? திருடன்னா நான் ஒருத்தன்தான். பொய்யின்னா கல்லறையில படுத்திருக்கிறவங்கள்ல ஆரம்பிச்சு நீங்க வரைக்கும் எல்லாரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தன் போதும்னு தோணுச்சு."

"அதற்குப் பிறகு? தனியாக இருந்தபோது?"

"அதுக்கப்புறம் நீங்க எங்கூடப் பேசவே இல்லையேண்ணே."

ஒர்ஸொலா பையைக் கீழே வைத்தாள். எங்கள் மூவரில் அவள்தான் எப்போதும் சீக்கிரம் யோசிப்பவள். "அண்ணா, கேளுங்க. வெள்ளத்துல வெளியூர்த் திருடங்க படகுல வந்து கல்லை எடுத்துட்டுப் போயிட்டாங்க. எர்மெதெ பயந்துபோய் ஓட்டையை மூடினான். அவ்வளவுதான். இவனும் தப்பிச்சான், வீட்டுப் பேரும் தப்பிச்சுது. இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர், அவருக்குச் சுவரைப் பத்தி என்ன தெரியும்?"

"அவ்வளவு கல்லை ஏத்தினா படகு முங்கிடும்மா" என்றான் துலியோ. "முங்கிடுச்சுன்னும் சேர்த்துச் சொல்லிக்கலாம். தேடற வேலை மிச்சம்."

"என்ன வேணா சொல்லுங்க" என்றார் நோர்மா. "என் பேரை அதுல சேர்க்காதீங்க. நீங்க கேட்டது கல்லு எங்கன்னு. பதில் சொல்லியாச்சு."

வாசலில் மணி அடித்தது.

இன்ஸ்பெக்டர் கப்பூஸோ தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேசையில் தாளை விரித்தார். பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். ஒர்ஸொலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எர்மெதெ ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படகு, வெள்ளம், வெளியூர்த் திருடர்கள். சொற்கள் தயாராக இருந்தன. அவற்றைச் சொன்னால் கூடத்தில் இருந்த உயிருள்ளவர்களில் யாருக்கும் நஷ்டம் இல்லை. என் தம்பி மட்டும் வாழ்நாள் முழுவதும், திருட்டுக்குக் கதவைத் திறந்து விட்டவனாக இருப்பான். நிரூபிக்க முடியாததால் விடப்பட்டவன் என்று. எங்கள் ஊரை எனக்குத் தெரியும்.

"புகார் இல்லை" என்றேன். "திருட்டு நடக்கவில்லை."

"அப்போ பளிங்கு, சார்?"

"இல்லை."

"எப்போலேருந்து இல்ல?"

"எப்போதுமே இல்லை. இந்தச் சுவர் வண்ணம் தீட்டிய சுண்ணாம்பு. கட்டிய நாளிலிருந்து."

அவர் சுவரைப் பார்த்தார். சட்டத்துக்குள் இருந்த மார்க்கந்தோனியோவைப் பார்த்தார். பிறகு தாளை மெதுவாக மடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் என் கையைப் பற்றினார், துக்க வீட்டில் பற்றுவதுபோல. "புரியுது சார்" என்றார். "ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு."

அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவர் போன பிறகு எர்மெதெ கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒர்ஸொலா கட்டிவைத்த பையை அப்படியே தூக்கிக்கொண்டான். "அடுக்கினது அடுக்கினதாவே இருக்கட்டும் அக்கா."

"எங்கடா போறே? அதான் முடிஞ்சு போச்சே."

அவன் என் எதிரில் வந்து நின்றான். "இப்போ சொன்னது எனக்காகச் சொன்னீங்களா அண்ணே? இல்ல, உங்க வாயிலேருந்து பொய் வரக்கூடாதுன்னா?"

சரியான பதிலைத் தேடினேன். அவன் நியாயமான நேரம் காத்திருந்தான். பிறகு போய்விட்டான். ஒர்ஸொலா கழுத்துத் துணியை எடுத்துக்கொண்டு படித்துறை வரை ஓடினாள்.

நோர்மா பெகொரர் கையுறையை மாட்டிக்கொண்டார். துலியோ கதவருகே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். பித்தளை வளையத்துக்குக் கீழே தரையில் கொஞ்சம் உப்பு சிந்திக் கிடந்தது. அதைக் கூட்டச் சொல்ல அன்று யாரும் இல்லை.

எர்மெதெ இப்போது கடலோர ஊரான கியோஜாவில் ஒரு சித்தப்பா மகன் வீட்டில் இருக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒர்ஸொலா போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அவன் நலம் என்கிறாள். அவன் என்னைப் பற்றிக் கேட்டானா என்று நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. கோவிலில் எங்கள் குடும்ப இருக்கையில் அவன் இடத்தில் தொப்பியை வைக்கிறேன், வேறு யாரும் உட்காராதபடி.

ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பாதிரியாரும் அதை நம்புகிறார். எர்மெதெ ரொவெரின் பளிங்கை விற்றுத் தின்றுவிட்டான், அண்ணன் குடும்ப மானத்தைக்கூடப் பார்க்காமல், சுவர் எப்போதுமே சுண்ணாம்புதான் என்று ஒரு கதை கட்டி, தம்பியைச் சிறையிலிருந்து காப்பாற்றி மன்னித்துவிட்டார் என்பது அந்தப் பேச்சு. என்னைப் பாராட்டித்தான் சொல்கிறார்கள். தெருவில் தொப்பியை எடுக்கிறார்கள்.

அது தவறு. பளிங்கு இருந்ததில்லை. என் தம்பி எதையும் விற்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டியவன் அவன். இன்னும் மன்னிக்கவில்லை.